தைக்க ஆள் வந்துவிட்டார்கள், பேட்லாக் ஓட்டத்தான் ஆள் இல்லை: பணியாளர் திட்டமிடல் குறித்து

நூற்கண்டு, திருப்பூர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் உற்பத்தித் திட்டப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பணியாளர் திட்டமிடல் என்று சொன்னால் எங்கள் ஊரில் பலரும் அதை ஆள் எடுப்பது என்றே புரிந்துகொள்கிறார்கள். ஆள் குறைந்தால் ஏஜென்டிடம் சொல்ல வேண்டும், வாசலில் "டைலர் தேவை" என்று பலகை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் என்ற எண்ணம் மேலாளர்களிடமும் இருக்கிறது. அந்த எண்ணத்தால் வரும் இழப்பை, நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு தீபாவளிக்குப் பிறகு நேரில் பார்த்தேன்.

அங்கே 4 லைன்கள் இருந்தன. லைனுக்கு 30 மெஷின். தையல் பிரிவின் வருகைப் பதிவேட்டில் கைமடிப் பெண்களையும் (டைலருக்குக் கூட இருந்து உதவுகிறவர்கள்) சேர்த்து 138 பெயர்கள். போனஸ் பட்டுவாடா முடிந்து ஊருக்குப் போனவர்களில் 124 பேர் இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டார்கள். நூற்றுக்கு 90 பேர் வந்துவிட்டார்கள் என்று நிர்வாகம் நிம்மதியாக இருந்தது. அந்த நம்பிக்கையில் ஐரோப்பிய ஆர்டர் ஒன்றுக்குத் தேதியும் உறுதி செய்யப்பட்டது. ஆனால் வராத 14 பேரில் 7 பேர் பேட்லாக் (ஆடையின் விளிம்பை மடித்துத் தைக்கும் மெஷின்) ஓட்டுகிறவர்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. மொத்தம் 16 பேட்லாக் டைலர்களில் 9 பேர்தான் மிச்சம்.

இதன் விளைவைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு டி-சர்ட்டைத் தைத்து முடிக்க 12 நிமிட வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மெஷின், 480 நிமிடம், 55 சதவீதத் திறன் என்றால் ஒரு லைனில் நாளுக்கு 660 பீஸ் வர வேண்டும். அந்த 12 நிமிடத்தில் அடிமடிப்புக்கும் (கீழ் விளிம்பு) கைமடிப்புக்கும் (கை விளிம்பு) பேட்லாக்கில் ஆகும் நேரம் ஒன்றரை நிமிடம்தான். அதே திறன் கணக்கில் ஒரு பேட்லாக் டைலர் நாளுக்கு 176 பீஸ் முடிப்பார். 9 பேர் சேர்ந்தால் 1,584. எங்களுக்கு வேண்டியதோ 2,640. அதாவது நூற்றுக்கு 90 பேர் வந்தார்கள், நூற்றுக்கு 60 பீஸ் வந்தது. ஓவர்லாக் (துணித் துண்டுகளை ஓரத்தில் இணைத்துத் தைக்கும் மெஷின்) முடிந்த துணி பண்டல் பண்டலாகக் கட்டி பேட்லாக் மேசைக்கு முன்னால் இடுப்பளவு குவிந்து கிடந்தது. அதற்கு அடுத்த மேசைகளில் செக்கிங் பெண்களும் அயர்ன்காரர்களும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கப்பலில் போக வேண்டிய சரக்கு கடைசியில் விமானத்தில் போனது. அந்த ஆர்டரில் கிடைத்திருக்க வேண்டிய லாபத்தைச் சரக்குக் கட்டணமே தின்றுவிட்டது.

பலகை மாட்டினால் பேட்லாக் டைலர் மறுநாளே வந்துவிடுவதில்லை. எங்கள் அனுபவத்தில், கைமடியாக இருக்கும் ஒரு பெண் ஓவர்லாக்கில் தையலை ஒழுங்காகப் போட ஏறத்தாழ 3 மாதம் ஆகிறது. பேட்லாக்கில் அலை விழாமல் அடிமடிப்பு போட இன்னும் 3 மாதம். அப்படியானால் தீபாவளிக்குத் தேவைப்படும் டைலரைச் சித்திரையிலேயே மெஷினில் உட்கார வைத்திருக்க வேண்டும். ஆர்டர் கையில் வந்த பிறகு ஆளைத் தேடுவதும், ஆர்டருக்கு 6 மாதம் முன்பே கையைத் தயார் செய்வதும் வெவ்வேறு வேலைகள் என்பதைத்தான் இந்த இழையில் பேச விரும்புகிறேன். மற்ற துறைகளில் இருப்பவர்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

சிறுபட்டறை, அவிநாசி

நண்பருக்கு வணக்கம். உங்கள் கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை; ஆனால் இது யாருக்குப் பொருந்தும் என்பதில் இருக்கிறது. 22 பேரை வைத்து ஜாப் ஒர்க் (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) செய்கிறவன் நான். எனக்கு வேலை கொடுக்கும் கம்பெனி, அடுத்த மாதம் எத்தனை பீஸ் வரும் என்பதை இந்த மாதக் கடைசி வாரத்தில்தான் சொல்கிறது. அவர்களுக்கு பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஆர்டர் கொடுக்கும் இடைநிறுவனம்) அதற்கு முந்தைய வாரம் சொல்லியிருக்கும். இந்த வரிசையில் கடைசியில் நிற்கிறவன் 6 மாதத்துக்கு முன்பே திட்டமிட வேண்டும் என்று சொல்வது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நல்ல எண்ணத்தோடு ஆள் சேர்த்துப் பழக்கியவர்கள்தான் செப்டம்பரில் அதிகம் தவித்தார்கள். ஆர்டர் நின்றுபோனது, பழக்கிய ஆட்களை அனுப்பவும் மனமில்லை, சனிக்கிழமை தவறாமல் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குமே தெரியாத தொழிலில், திட்டம் என்பது இன்னொரு செலவாக முடிந்துவிடுகிறது என்பதுதான் என் அனுபவம்.

---

இரவுப்பணி, மதுரை

அவிநாசி ஐயாவின் கவலை எனக்குப் புரிகிறது. நான் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்களிடமும் நாளை எத்தனை நோயாளிகள் வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் திட்டமிடலில் பெரும்பகுதி, தெரியாததை ஊகிப்பதில் இல்லை. ஏற்கெனவே தெரிந்ததைத் தாளில் எழுதுவதில்தான் இருக்கிறது என்பதை 20 ஆண்டுகளில் கற்றுக்கொண்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது விதி. 24 மணி நேரத்துக்கு 3 ஷிப்டு; ஆகவே ஒரு கட்டிலுக்கு 3 செவிலியர் போதும் என்று கணக்குப் பிரிவில் எழுதிவிடுவார்கள். இதில்தான் தவறு தொடங்குகிறது. ஒரு செவிலியருக்கு ஆண்டில் வார விடுமுறை 52 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், ஈட்டிய விடுப்பு 15 நாள், பண்டிகை விடுமுறை 9 நாள் என்று வைத்துக்கொண்டால் 88 நாள் அவர் வரமாட்டார். வரும் நாட்கள் 277. கட்டிலுக்கோ 365 நாளும் 3 ஷிப்டு, ஆக 1,095 ஷிப்டு வேண்டும். 1,095-ஐ 277-ஆல் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 4 பேர். காய்ச்சல், குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்று வரும் விடுப்புகள் இதில் சேரவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 30 சதவீத விடுப்பு ஈட்டுப் பணியிடம் (விடுப்பில் இருப்பவர்களுக்கு ஈடான கூடுதல் ஆள்) வேண்டும் என்று வகுத்திருப்பது இதனால்தான். 6 வென்டிலேட்டர் கட்டிலுக்கு 18 பேர் என்று எழுதியவர், 24 பேர் செய்ய வேண்டிய வேலையை 18 பேர் தலையில் ஏற்றுகிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை. குறைந்த அந்த 6 பேரை எங்கே ஈடுகட்டுகிறோம் என்றால், இரவுப் பணி முடித்துக் காலை 8 மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டிய பெண்ணிடம் "மதியம் வரைக்கும் இரும்மா" என்று சொல்லித்தான். அப்படிச் சொல்ல வேண்டியவளாக நானே பல நாள் நின்றிருக்கிறேன். தூக்கம் கெட்ட கண்ணோடு மருந்தின் அளவைப் படிக்கும் செவிலியரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது 2017 முதல் சட்டம். ஒரு செவிலியர் கருவுற்றிருக்கிறார் என்ற செய்தி எனக்கு நான்காவது மாதத்திலேயே தெரிந்துவிடும். விடுப்பு தொடங்க இன்னும் 3 மாதத்துக்கு மேல் இருக்கும். இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு எந்தத் தொழிலுக்குக் கிடைக்கும்? ஆயினும் அவர் விடுப்பில் போன மறுநாள்தான் "பதிலுக்கு ஆள் வேண்டுமா" என்று நிர்வாகத்திலிருந்து கேள்வி வருகிறது. புதிதாக வருகிறவரை நாங்கள் முதல் 3 மாதம் வென்டிலேட்டர் கட்டிலில் தனியாக விடுவதில்லை. எனவே அந்த விடுப்பின் முதல் பாதி முழுவதும் ஆள் பற்றாக்குறைதான்.

ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டார் என்று ஒரு செவிலியரைப் பற்றிக் கேள்விப்பட்டால், ஒன்றரை ஆண்டில் அவர் ஜெர்மனிக்குப் போய்விடுவார் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். அவரைத் தடுப்பதற்காக எழுதுவதில்லை. அவர் முன்னேறுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் இடத்துக்கு ஒருவரை இன்றே பழக்கத் தொடங்க வேண்டியது என் பொறுப்பு.

---

கோப்புக்கட்டு, திருச்சி

மாநில அரசுப் பணியில் 34 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். தனியார் நிறுவனங்களில் தவறு ஒரு பருவத்தில் தெரிந்துவிடுகிறது. அரசு அலுவலகங்களில் அது வெளியே தெரியப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அந்த வகையில் இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, 2001 இறுதியில் தமிழ்நாட்டில் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி வந்த பணிநியமனத் தடை. 2006 தொடக்கத்தில் அது விலக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு இளநிலை உதவியாளர்கள் வரவில்லை. அப்போது யாருக்கும் அது பெரிய பாதிப்பாகத் தெரியவில்லை. இருந்தவர்கள் இரண்டு இருக்கைகளின் வேலையைச் சேர்த்துப் பார்த்தார்கள், சம்பளச் செலவு குறைந்தது. ஆனால் 2003-இல் 25 வயதில் சேர்ந்திருக்க வேண்டிய ஒருவர் இன்று இருந்தால் நாற்பதுகளின் நடுவயதைத் தாண்டி, கண்காணிப்பாளராகவோ அதற்கு மேலோ இருப்பார். அந்த அடுக்கே பல அலுவலகங்களில் மெலிந்து போயிற்று. மேலே ஓய்வு பெறப் போகிறவர்கள், கீழே புதிதாக வந்தவர்கள். நடுவில் தன்பதிவேட்டை (தன் இருக்கைக்கு வரும் கோப்புகளைக் குறித்துவைக்கும் ஏடு) எப்படிப் பராமரிப்பது, பழைய கோப்பில் எந்த அரசாணையைத் தேடுவது, நீதிமன்றத்துக்கு அனுப்பும் பத்திவாரிக் குறிப்பை (மனுவின் ஒவ்வொரு பத்திக்குமான பதில்) எப்படி எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இவற்றைப் பயிற்சி வகுப்பில் கற்றுவிட முடியாது. மூத்தவர் ஒருவர் எழுதிய குறிப்பை மேலதிகாரி சிவப்பு மையில் திருத்தி அனுப்பும்போது, அருகில் இருந்து பார்த்துத்தான் நாங்கள் எல்லாம் கற்றோம்.

இரண்டாவது, ஓய்வு வயது. 2020 மே மாதத்தில் 58 என்பது 59 ஆனது. 2021-இல் 60 ஆனது. 58 வயதில் போக வேண்டியவர்களில் பெரும்பாலோர் 2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை போகவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஓய்வூதியப் பலன்களை உடனே வழங்க வேண்டிய சுமையைத் தள்ளிப்போட அது உதவியிருக்கலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையில் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகளை, அடுத்து வரப்போகிறவர்களைத் தேர்வு செய்து பழக்குவதற்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓய்வு பெறும் நாள் ஒருவர் பணியில் சேரும் அன்றே பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதியாகப் பதிவாகிவிடுகிறது. 30 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த தேதி அது. இருந்தும், பிரிவு உபசார விழா முடிந்த மறுநாள் காலையில் அந்த இருக்கையின் சாவி யாரிடம் என்று தேடுகிறோம்.

---

ஓடுதளம், சென்னை

விமானத் துறையில் தரைப்பணியில் இருக்கிறேன். முன்பே தெரிந்த தேதி என்று திருச்சி ஐயா சொன்னதும் 2025 டிசம்பர் முதல் வாரம்தான் நினைவுக்கு வந்தது. விமானிகளின் பணிநேரத்துக்கான புதிய விதிகளை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியிலேயே அறிவித்திருந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது; வாரத்தில் ஒரு விமானி இரவில் தரையிறக்கக்கூடிய எண்ணிக்கை 6-இலிருந்து 2 ஆகக் குறைந்தது. முதல் கட்டம் 2025 ஜூலை 1, இரண்டாம் கட்டம் நவம்பர் 1 என்று தேதிகளும் தெரிந்திருந்தன. அப்படியிருந்தும் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ நிறுவனம், டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. திட்டமிடலில் இடைவெளி இருந்தது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டதாக இயக்குநரகம் தெரிவித்தது. கடைசியில் இரவுப் பணி விதிகளிலிருந்து அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. களைப்பிலிருந்து விமானியையும் பயணியையும் காக்க வந்த விதி, ஆள் இல்லாத காரணத்தால் தள்ளிவைக்கப்பட்டது. விமானம் ரத்தானதைவிட எனக்கு இதுதான் அதிக வருத்தம்.

விமானியை அவசரமாக உருவாக்க முடியாது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கேப்டனாக இருக்கையில் அமரத் தேவையான உரிமத்துக்கு 1,500 மணி நேரம். விமானத்தை விலைக்கு வாங்கிவிடலாம், அந்த மணி நேரங்களை வாங்க முடியாது.

இதைவிட நீண்ட கதை அமெரிக்காவில் நடந்தது. 1981 ஆகஸ்டில் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த இடங்களை நிரப்ப ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே வீச்சில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வேலையில் 31 வயதுக்குள் சேர வேண்டும், 56 வயதில் கட்டாய ஓய்வு, 25 ஆண்டுப் பணி முடித்தால் எந்த வயதிலும் ஓய்வூதியத்தோடு போகலாம். ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒன்றாகவே வெளியேறுவார்கள் என்பது வெறும் கூட்டல் கணக்கு. 2006-ஐ ஒட்டி ஓய்வுபெறுவோர் எண்ணிக்கை அப்படியே உயர்ந்தது. ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பயிற்சிக்கழகத்தில் சேரும் ஒருவர் ஒரு கட்டுப்பாட்டு மையத்தில் முழுத் தகுதி பெற ஆண்டுகள் ஆகும். 1981-இல் எடுத்த ஒரு முடிவு, 25 ஆண்டுகள் கழித்து வேறொரு தலைமுறை மேலாளர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

---

புதுமுகம்

மனிதவள மேலாண்மை முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஓர் ஐயம். அப்படியானால் எப்போதும் தேவைக்கு மேல் கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொள்வதுதான் தீர்வா? வகுப்பில் அதை வீண்செலவு என்கிறார்களே?

---

நிரலகம், பெங்களூரு

தம்பியின் கேள்விக்கு என் துறையிலிருந்து விடை சொல்கிறேன். மென்பொருள் நிறுவனங்களில் திட்டப்பணி இல்லாமல் சம்பளம் பெற்றுக் காத்திருப்பதை "பெஞ்ச்" என்கிறோம். ஓரளவு பெஞ்ச் இருந்தால்தான் புதிய வாடிக்கையாளர் கேட்கும்போது ஆள் கொடுக்க முடியும். ஆனால் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைப் பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஆண்டுகள் காட்டின. இணைய வணிகம் இனி இப்படியே வளரும் என்று நம்பி ஆள் சேர்த்த மெட்டா நிறுவனம், 2022 நவம்பரில் 11,000 பேரை நீக்கியது. வளர்ச்சி நிரந்தரம் என்று தாம் கணித்தது தவறாகிவிட்டது என்று மார்க் சக்கர்பெர்க் எழுதிய கடிதத்திலேயே ஒப்புக்கொண்டார். இங்கே அந்த ஆண்டுகளில் கல்லூரி வளாகத்தில் நியமனக் கடிதம் பெற்றுவிட்டு, சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வேறு வேலைக்குப் போனால் இது போய்விடுமோ என்ற பயத்தில் ஓர் ஆண்டை இழந்தவர்கள் அவர்கள். ஆகவே கூடுதலாக வைப்பதும் பிழை, குறைவாக வைப்பதும் பிழை. எந்தத் திறனில் எவ்வளவு கூடுதல், அந்தத் திறன் உருவாக எவ்வளவு காலம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்குக் கூடுதல் ஆள் தேவையில்லை. மூன்று ஆண்டு எடுக்கும் வேலைக்கு ஒருவராவது கூடுதலாக இருந்தே ஆக வேண்டும்.

---

சிறுபட்டறை, அவிநாசி

மதுரை அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்குத் தெரிந்ததையே நான் எழுதிவைக்கவில்லை என்பது உண்மைதான். என் 22 பேரில் 9 பேர் தென்மாவட்டம், 8 பேர் ஒடிசா, மீதிப்பேர் உள்ளூர். பொங்கலுக்கு யார் போவார்கள், ஹோலிக்கு யார் போவார்கள் என்று எனக்குத் தெரியும். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சத் பூஜை வருவதால் பீகார் ஆட்கள் அதையும் முடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள் என்பதும் பக்கத்துக் கம்பெனியைப் பார்த்துத் தெரியும். ஆனாலும் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். 6 மாதம் துணியை வீணடித்து, நூலை வீணடித்து நான் ஒருவரைப் பேட்லாக்கில் பழக்குகிறேன். பழகி முடித்ததும் எதிர்த்த கம்பெனி ஷிப்டுக்கு 30 ரூபாய் கூட்டிக் கொடுத்து அழைத்துக்கொள்கிறது. பழக்கும் செலவு என்னுடையது, பலன் அவனுடையது. இதற்கு உங்கள் திட்டத்தில் வழி உண்டா?

---

நூற்கண்டு, திருப்பூர்

ஐயா, நீங்கள் கேட்டதுதான் இந்த ஊரின் உண்மையான சிக்கல். முழு விடை என்னிடம் இல்லை. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் நாங்கள் செய்கிறவற்றைச் சொல்கிறேன்.

முதலில், பழக்கும் செலவு. தொழில் பழகுநர் சட்டம் 1961-இன்படி 30 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். உங்களைப் போன்ற சிறிய இடங்களுக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் சேர்க்கலாம். தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. செலவு முழுவதையும் இது ஈடுகட்டாது. ஆனாலும் முதல் சில மாதங்களின் சுமை குறையும்.

அடுத்து, பழகியவரைத் தக்கவைப்பது. இதில் நாங்கள் முதலில் தவறு செய்தோம். ஓவர்லாக் தெரிந்தவர் பேட்லாக்கும் பழகினால் நிறுவனத்துக்கு நல்லது என்று கேட்டுக்கொண்டோம், யாரும் முன்வரவில்லை. ஏன் வருவார்கள்? புது மெஷினில் உட்கார்ந்தால் முதல் ஒரு மாதம் பீஸ் குறையும், பீஸ் ரேட்டில் இருப்பவருக்குச் சம்பளம் குறையும். நிறுவனத்தின் நன்மைக்காக அவர் தன் வீட்டுச் செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தது எங்கள் பிழை. பிறகு, பழகும் காலம் முழுவதும் பழைய சராசரிச் சம்பளத்தைக் கொடுப்பதாகவும், இரண்டாவது மெஷின் தேறியதும் ஷிப்டுக்குத் தனிப்படி கொடுப்பதாகவும் எழுத்தில் கொடுத்தோம். ஒரே ஆண்டில் 11 பேர் இரண்டு மெஷின் ஓட்டுகிறவர்களானார்கள். அவர்களில் இருவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், 9 பேர் இருக்கிறார்கள். விமானத்தில் சரக்கு அனுப்பிய ஒரு தடவையின் செலவோடு ஒப்பிட்டால், நாங்கள் கொடுத்த படித்தொகை மிகச் சிறியது.

மூன்றாவது, ஒரு பலகை. லைன் மேற்பார்வையாளரின் மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறோம். இடப்பக்கம் பெயர்கள், மேலே மெஷின்கள். நன்றாக ஓட்டுகிறவருக்கு முழுக் கட்டம், பழகுகிறவருக்குப் பாதிக் கட்டம், தெரியாதவருக்கு வெற்றுக் கட்டம் என்று கலர் சாக்பீஸால் வரைந்திருக்கிறோம். எந்த மெஷினின் கீழே மூன்று முழுக் கட்டங்களுக்குக் குறைவாக இருக்கிறதோ அங்கேதான் அடுத்த ஆபத்து. இதற்குக் கணினி தேவையில்லை. 22 பேருக்கு ஒரு மாலை நேரம் போதும்.

ஆர்டர் எவ்வளவு வரும் என்பது தெரியாது என்று முதலில் எழுதியிருந்தீர்கள். எங்களுக்கும் தெரியாது. அதனால் ஒரே எண்ணைப் போடாமல் மூன்று எண்களைப் போடுகிறோம்: சென்ற ஆண்டு அளவே வந்தால், கால் பங்கு குறைந்தால், கால் பங்கு கூடினால். குறைந்தால் யாரை அனுப்புவது என்று பார்க்காமல், மிகைநேரத்தை நிறுத்துவது, வெளியே கொடுத்த ஜாப் ஒர்க்கைத் திரும்ப உள்ளே எடுப்பது, அந்த நாட்களைப் பழக்குவதற்குப் பயன்படுத்துவது என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். ஜாப் ஒர்க்கை உள்ளே எடுப்பது உங்களைப் போன்றவர்களைத்தான் பாதிக்கும் என்பது இதை எழுதும்போது எனக்குத் தெரிகிறது. அதனால், எங்கள் மூன்று எண்களையும் ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்கு மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நிர்வாகத்திடம் இந்த வாரம் எழுதிக் கேட்கப் போகிறேன். கடைசி வாரத்தில் சொல்வது நாங்கள் உங்களுக்குச் செய்யும் அநியாயம்.

---

இரவுப்பணி, மதுரை

அந்தப் பலகையை எங்கள் வார்டிலும் வரைந்து பார்க்கிறேன். ஒரு கேள்வி: ஊருக்குப் போகிறவர்கள் என்று திரும்புவார்கள் என்பதை எப்படி அறிகிறீர்கள்? எங்களிடம் கேட்டால் எல்லோரும் "அடுத்த வாரம் வந்துவிடுவேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

---

நூற்கண்டு, திருப்பூர்

எங்களிடமும் அப்படித்தான் சொல்வார்கள் அம்மா. அவர்கள் பொய் சொல்லவில்லை. திரும்பி வரும் ரயிலில் இடம் கிடைக்காது, அதனால் ஒரு வாரம் இரண்டு வாரமாகிவிடும். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே திரும்பும் தேதிக்குச் சரியாக 60 நாள் முன்பு காலை 8 மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து, ராஞ்சி, ரூர்கேலா பக்கம் போகிறவர்களுக்குத் தன்பாத்–ஆலப்புழை வண்டியில் திரும்பும் டிக்கெட்டை நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம். பணத்தில் பாதி நிறுவனம் தருகிறது. போகிறவர் கையில் டிக்கெட் இருக்கிறது, என் மேசையில் தேதி இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு 41 பேருக்கு இப்படி எடுத்தோம். 37 பேர் டிக்கெட்டில் இருந்த நாளிலேயே திருப்பூர் நிலையத்தில் இறங்கினார்கள். வராத 4 பேரில் இருவர் வீட்டில் மரணம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அந்த 4 பேரும் எந்த மெஷின் என்று பலகையில் பார்த்தோம். மூன்று பேர் ஓவர்லாக், ஒருவர் செக்கிங். ஷிப்மென்ட் தேதியை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.